இல்லாத மாவட்டத்துக்கு ஒரு சான்றிதழ்

மே மாதம் வரைக்கும் அமிர்தநாதனுக்குக் குரோதானி என்றொரு மாவட்டம் இருந்ததே தெரியாது. நவம்பர் பிறந்தபோது, ஜப்பானுக்கு வெளியே அந்த மாவட்டத்தைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்த மனிதர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. இதில் அவருடைய விருப்பம் எதுவும் கலந்திருக்கவில்லை. அவர் யாங்கோனில், பபேடான் பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக வில்லை தேய்க்கிறவர். வீடு பசுந்தாங்கில், கால்வாய்ப் பக்கம், நாலாவது மாடி. அந்த வட்டாரத்தை நம்மவர்கள் நெல்மில் வார்டு என்பார்கள். மனைவி இருதயம்மாள். ஒரே மகள் ரோஸ்லின், வயது இருபத்து நாலு.

ரோஸ்லின் இரண்டு வருடம் தின்கன்ஜூனுக்கு பஸ்ஸில் போய்வந்து ஜப்பான் பாஷை படித்தாள். கரண்ட் இருந்த நாட்களில் மின்விசிறிக்குக் கீழேயும், இல்லாத நாட்களில் கைபேசி வெளிச்சத்திலும் படித்தாள். பரீட்சை பாஸானதும் ஜப்பானின் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு முதியோர் இல்லம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அறுபது வயோதிகர்கள், பதினோரு பணியாளர்கள். பன்னிரண்டாவது ஆளாக அக்டோபர் முதல் தேதி வந்து சேரச் சொல்லிக் காகிதங்களை அனுப்பிவிட்டார்கள்.

காகிதங்களைச் சரிபார்க்க ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் அயல்முகவரி ஒப்புநோக்குச் சபை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் போய்ச்சேர வேண்டிய இடம் உண்மையிலேயே உலகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முந்தின வருடம்தான் அதை ஏற்படுத்தியிருந்தார்கள். ஏற்படுத்திய நாளிலிருந்து அந்தச் சபை எந்த இடத்தையும் முழுசாக நம்பியதில்லை.

மூன்றாம் எண் கவுண்டரில் இருந்த டோ கின் மேயி என்ற அம்மாள், காகிதங்களைச் சீட்டாட்டத்தில் பரப்புகிற மாதிரி பரப்பிவைத்துப் பார்த்தாள். சபையில் எல்லோரும் அமிர்தநாதனை ‘ஊ அமித்’ என்றே அழைத்தார்கள். அதற்குமேல் அவர்கள் நாக்கு போகவில்லை. அவர் பதிலுக்கு, ஐயா, அம்மா என்பதுபோல, ஸயா, ஸயாமா என்பார்.

“ஊ அமித், உங்கள் மகள் எந்த ஊருக்குப் போகிறாள்?”

“ஜப்பானுக்கு, ஸயாமா.”

“அது நாடு. நான் ஊரைக் கேட்டேன். வேலை ஒப்பந்தத்தில் குரோதானி மாவட்டம், ஹினாசாவா டவுன் என்று இருக்கிறது. இல்லத்தின் லைசென்ஸில் கிதாமினே சிட்டி என்று இருக்கிறது. இல்லத்தைத் தொடங்கின அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒடோரி கிராமம். ஒரு பெண் ஒரே சமயத்தில் மூன்று ஊரில் வேலை செய்ய முடியாது. மயபூ.”

மயபூ என்றால் முடியாது என்று அர்த்தம். இந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் டோ கின் மேயியின் முகத்தில் ஒரு கனிவு வரும்.

அமிர்தநாதன் வீட்டுக்கு வந்து சொன்னார். ரோஸ்லின் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, மூணும் ஒரே இடந்தான். ஊரு அங்கேயேதான் இருக்குது. ஒண்ணோட ஒண்ணு சேத்துச் சேத்துப் பேரு மாறிப்போச்சு. ஒப்பந்தத்துல பழைய லெட்டர்பேடுல அடிச்சிட்டாங்க.”

“நம்ம ரங்கூன் பேருந்தான் மாறுச்சு,” என்றாள் இருதயம்மாள், அடுப்படியிலிருந்து. “அதுக்காக நாம ரெண்டு ஊர்லயா குடியிருக்கோம்? போயி அந்த அம்மாகிட்ட இதைக் கேளுங்க.”

மறுநாள் அவர் கேட்டார். டோ கின் மேயி யோசித்துப் பதில் சொன்னாள்: “இந்த ஊரின் பெயரை அரசாங்கம் மாற்றியது. அந்த ஊர் தானாக மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.”

ரோஸ்லின் கிதாமினே நகராட்சிக்கு மின்னஞ்சல் எழுதினாள். அந்த நகராட்சியின் மலைப்பக்கக் கிளையில் ஹோரிவாகி என்ற ஒரு அலுவலர் இருந்தார். நாலே நாளில் அவர் ஒன்பது பக்கத்துக்குப் பதில் அனுப்பினார். முதல் பக்கம் முழுக்கத் தங்கள் மாவட்டம் ஏற்படுத்திய சிரமத்துக்கு மன்னிப்பு. மீதி எட்டுப் பக்கம் சரித்திரம்.

அந்தச் சரித்திரம் இதுதான். ஆதியில் குரோதானி மாவட்டத்தில் எழுபத்தொரு குக்கிராமங்கள் இருந்தன. 1889இல் அரசாங்கம் அவற்றைச் சேர்த்துப் பதினாலு கிராமங்கள் ஆக்கியது. அதில் ஒன்று ஒடோரி. 1955இல் ஒடோரியையும் பக்கத்து மூன்று கிராமங்களையும் சேர்த்து ஹினாசாவா டவுன் ஆக்கினார்கள். ஒடோரியின் கீழ்ப்பகுதிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டெடுப்பு நடத்தி வேறொரு டவுனோடு போய்விட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூடம் தூரமாக இருக்கிறதென்று திரும்பி வந்துவிட்டார்கள். பிறகு சனங்கள் குறைந்தார்கள். இளவட்டங்கள் பட்டணம் போனார்கள். 2006இல் ஹினாசாவாவையும் இன்னும் இரண்டு டவுன்களையும் கிதாமினே சிட்டியோடு சேர்த்துவிட்டார்கள். சட்டப்படி சிட்டி எந்த மாவட்டத்திலும் சேராது; ஒரு மாவட்டத்துக்குள் டவுனோ கிராமமோ ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்த மாவட்டமும் இல்லாமல் போகும். அப்படியே குரோதானி இல்லாமல் போயிற்று.

‘மலைகள் மட்டும் முன்பிருந்த இடத்திலேயே உள்ளன’ என்று ஹோரிவாகி முடித்திருந்தார்.

ரோஸ்லின் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது என்றார்கள், அவள் பயனாளி என்பதால். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எட்டுப் பக்கச் சரித்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு அமிர்தநாதன் சபைக்குப் போனார்.

சபையில் நே மின் என்றொரு எழுத்தர் இருந்தான். வீட்டில் அவனுக்கு உதயசூரியன் என்று பெயர். தாத்தா ரயில்வேயில் இருந்தவர். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதியில் பர்மிய பாஷை வந்துவிடும். அவன் அமிர்தநாதனை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான்:

“அண்ணே, இன்னிக்கு வேணாம். சேர்மனுக்கு மூட் மகாங்பூ, சரியில்ல. கரண்ட் இல்ல, ஏசி இல்ல. இன்னிக்குப் போனா எல்லாத்துக்கும் மயபூதான்.”

கரண்ட் வந்த நாளில் சபை கூடியது. தலைவர் ஊ தெய்ன் ஹ்லா பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அமிர்தநாதன் வாய் திறக்கும் முன்பே அவர் பேசத் தொடங்கினார்.

“ஊ அமித், இந்தச் சபை பிள்ளைகளைத் தடுக்கிறது என்று வெளியே பேசுகிறார்கள். தவறு. நாங்கள் யாரையும் தடுப்பதில்லை. அனுப்பும்வரை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இப்போது உங்கள் விஷயம். ஒரு மாவட்டம் இருந்தது, பிறகு இல்லை என்கிறீர்கள். நான் முப்பத்தைந்து வருடம் நிர்வாகத்தில் இருந்தவன். ஓர் அலுவலகம் தானாக இல்லாமல் போனதை நான் பார்த்ததே கிடையாது. வேலை இல்லாமல் போகும், அலுவலகம் இருக்கும். ஆகவே இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, குரோதானி மாவட்டம் இல்லை என்பதற்குக் குரோதானி மாவட்ட அலுவலகத்திடமிருந்து சான்று. இரண்டு, ஒடோரி கிராமத் தலைவர் தம் கிராமம் கலைக்கப்படுவதற்குச் சம்மதித்தார் என்று அவர் கையெழுத்திட்ட தௌக்கான்ஸா.”

தௌக்கான்ஸா என்பது வார்டுத் தலைவர் கொடுக்கிற சிபாரிசுக் கடிதம். யாங்கோனில் அது இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. 1955இல் ஒரு ஜப்பான் கிராமத் தலைவரிடம் அது இல்லாமல் போனதைச் சபை மிகவும் கவலையோடு குறித்துக்கொண்டது.

“ஸயா, அந்தத் தலைவர் இப்போது உயிரோடு இருக்கமாட்டார்,” என்றார் அமிர்தநாதன்.

“அப்படியானால் அதற்கும் ஒரு சான்று,” என்றார் தலைவர். மூன்றாவது காகிதம் என்று உதயசூரியன் தலைகுனிந்து எழுதிக்கொண்டான்.

ஹோரிவாகி இந்த முறை எட்டு நாள் எடுத்துக்கொண்டார். இல்லாத மாவட்டத்தின் இல்லாத அலுவலகம் தான் இல்லை என்று எழுதித் தருவதற்கு ஜப்பானியச் சட்டத்தில் வழி காணமுடியவில்லை என்று வருந்தியிருந்தார். சரக்கறையில் கிடந்த ஹினாசாவா டவுன் ஆபீஸின் பழைய பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கையெழுத்துக் கடிதமும் இருந்தது. எழுதியவர் நொமுரா செத்ஸு, வயது எண்பத்தெட்டு. அந்த முதியோர் இல்லத்திலேயே இருப்பவர். ரோஸ்லின் அதைச் சாப்பாட்டு நேரத்தில் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

‘நான் ஒடோரி கிராம அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1955 மார்ச் கடைசி நாள் சாயங்காலம் தலைவர் பலகையைக் கழற்றினார். எல்லோருக்கும் சொல்லிவிடு என்றார். எங்கள் கிராமத்தில் பத்தொன்பது தொலைபேசி இருந்தது. பத்தொன்பது பேரையும் கூப்பிட்டு, நாளையிலிருந்து நாம் ஹினாசாவா என்று சொன்னேன். ஒருவர் அழுதார். ஒருவர், சரி, பால் வண்டி வருமா என்று கேட்டார். தலைவர் தடுக்கவில்லை. சம்மதித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் கிராமத்தால் ஒரு பெண் வரமுடியாமல் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து அவளை அனுப்புங்கள். என் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, இங்கே எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.’

இருதயம்மாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். “இதைப் படிச்சப்புறமும் அவனுங்க மயபூன்னு சொல்வானுங்களா?” என்றாள்.

சொல்லவில்லை. சபை அந்தக் கடிதத்தை எழுந்து நின்று பெற்றுக்கொண்டது. பிறகு, நொமுரா செத்ஸு ஒடோரி கிராம அலுவலகத்தில் வேலை பார்த்ததற்கு அந்த அலுவலகத்தின் நியமன உத்தரவு வேண்டும் என்று எழுதியது.

அன்று சாயங்காலம் கடைக்குத் திரும்பிய அமிர்தநாதன் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாளின் வில்லையைத் தப்பாகத் தேய்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை. கடைக்காரர் கமால் பாய் ஒரு கோப்பை லபேயே வரவழைத்து முன்னால் வைத்தார். டீ ஆறிப்போகும்வரை அமிர்தநாதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் சபை ஒரு முடிவுக்கு வந்தது. காகிதங்களால் தீராத சந்தேகத்தை நேரில் போய்த் தீர்ப்பதென்று. ஐந்து பேர் கொண்ட தூதுக்குழு புறப்படும்: தலைவர், துணைத்தலைவர், மொழிபெயர்ப்பாளர், படம்பிடிப்பவர், தலைவரின் மனைவி. அந்த அம்மாளுக்கு ‘பொது மக்கள் பார்வையாளர்’ என்று பொறுப்பு.

“என்னையும் கூட்டிட்டுப் போனா ஒரேயடியா அங்கேயே எறங்கிக்குவேனே,” என்றாள் ரோஸ்லின். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அமிர்தநாதன் அதை மெய்யாகவே போய்க் கேட்டார். முகவரி ஊர்ஜிதமாகாத இடத்துக்கு ஓர் இளம்பெண்ணை அழைத்துப்போவது பொறுப்பற்ற செயல் என்று டோ கின் மேயி விளக்கினாள்.

ரோஸ்லின் போகவேண்டிய அக்டோபர் முதல் தேதி, தூதுக்குழு போயிற்று. ஒன்பது நாள் இருந்தது. இல்லம் பாவம், அவளுக்காக டிசம்பர் கடைசிவரை காத்திருப்பதாக எழுதியது.

திரும்பி வந்ததும் சபை மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். அமிர்தநாதனும் ரோஸ்லினும் முன் வரிசையில் உட்காரவைக்கப்பட்டார்கள். திரையில் படங்கள் ஓடின. வெந்நீர் ஊற்றின் பக்கத்தில் அங்கி அணிந்த தலைவர். பெயர்ப்பலகையைத் தடவிப் பார்க்கும் துணைத்தலைவர். முதியோர் இல்லத்தின் வாசலில் ஐந்து பேரும், நடுவே சக்கர நாற்காலியில் ஒரு சின்னஞ்சிறு கிழவி. கிழவி தலைவரின் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நம்மைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது,” என்றார் தலைவர். “எதிர்பார்த்த பெண் வந்துவிட்டாள் என்று நினைத்து என் மனைவியைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் காலை நீட்டினார். அவ்வளவு அன்பான ஜனங்கள்.”

ரோஸ்லின் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

“குழுவின் முடிவு,” என்று தலைவர் குரலை உயர்த்தினார், “முகவரி உள்ளது. மூன்றும் ஒன்றே. மா ரோஸ்லினுக்கு இன்றே சான்றிதழ் தரப்படும். ஆனால் நாம் வெறும் சான்றிதழுக்காகவா போனோம்? இல்லை. பாடம் படிக்கப் போனோம். எழுபத்தொரு ஊரை ஒன்றாக்கியிருக்கிறார்கள்! நாம் இரண்டையாவது ஒன்றாக்கினோமா? அங்குள்ள அலுவலர் ஹோரிவாகி, இதை ஆசைப்பட்டுச் செய்யவில்லை, ஆள் இல்லாமல் போனதால் செய்தோம், இளைஞர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்று மிகுந்த அடக்கத்தோடு சொன்னார். நண்பர்களே, அந்தத் தகுதியை நாமும் வேகமாக அடைந்துவருகிறோம். பசுந்தாங்கிலேயே எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது! ஆகவே குரோதானி முறைப்படி, முதல் கட்டமாக நெல்மில் வார்டும் பக்கத்து ஆற்றுமுனை வார்டும் இணைக்கப்படவேண்டும் என்று சிபாரிசு செய்திருக்கிறோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமலிருந்தால் சான்றிதழ் தள்ளிப்போய்விடுமோ என்று அமிர்தநாதனும் தட்டினார்.

சான்றிதழ் கெட்டி அட்டையில், தங்க நிற ஓரத்தோடு இருந்தது. இருதயம்மாள் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

வேலை இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சான்றிதழையும் வீட்டுப் பட்டியலையும் சேர்த்துப் புறப்பாட்டு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். வீட்டுப் பட்டியல் என்பது இந்த வீட்டில் இன்னின்னார் குடியிருக்கிறார்கள் என்று வார்டு கொடுத்த காகிதம். மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தாலும் அது நல்ல காகிதம். அமிர்தநாதன் பிறந்ததிலிருந்து அதில் இருக்கிறார்.

அவர் அதைக் கொண்டுபோன திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சிபாரிசு ஏற்கப்பட்டிருந்தது. யாங்கோனில் ஒரு காரியம் அத்தனை சீக்கிரம் நடந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

“ஊ அமித்,” என்றாள் டோ கின் மேயி, “மகள் போகிற இடத்தில் இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் புறப்படுகிற இடம் எது? இதில் நெல்மில் வார்டு என்று இருக்கிறது. அப்படி ஒரு வார்டு இல்லையே.”

அமிர்தநாதன் பட்டியலைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை படித்தார். பிறகு, “போன வாரம் இருந்தது, ஸயாமா,” என்றார்.

“குரோதானியும்தான் இருந்தது.”

புது வார்டுக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. நெல்மில்காரர்கள் ஒரு பெயரும் ஆற்றுமுனைக்காரர்கள் ஒரு பெயரும் சொன்னார்கள். இரண்டு வார்டு அலுவலகமும் அப்படியே இருந்தன. இணைப்பைக் கவனிக்க மூன்றாவதாக ஒன்றும் திறந்தார்கள். பெயர் முடிவானதும் புதிய வீட்டுப் பட்டியல் அச்சாகும். எப்படியும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குள் வந்துவிடும் என்றார்கள். திஞ்சான் ஏப்ரலில். இல்லம் காத்திருப்பதாகச் சொன்னது டிசம்பர் வரை.

உதயசூரியன் ஒருநாள் வேலை முடிந்து கடைக்கே வந்தான். வாசலில் நின்றபடி, “அண்ணே, நான் அந்த ஃபைலை மேல மேலதான் வச்சேன். தினமும் எடுத்து மேல வச்சேன்,” என்றான். வேறு சொல்ல அவனிடம் தமிழிலும் இல்லை, பர்மிய பாஷையிலும் இல்லை. கமால் பாய் அவனுக்கும் ஒரு லபேயே சொன்னார்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஹோரிவாகியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மன்னிப்பு இந்தத் தடவை இரண்டு பக்கம். பன்னிரண்டாவது ஆள் கிடைக்காமல், இருந்ததிலும் மூன்று பேர் நின்றுவிட்டார்களாம். இல்லத்தை மார்ச்சோடு மூடி, மலைக்குக் கீழே உள்ள வேறொரு இல்லத்தோடு இணைக்கப்போகிறார்கள். நொமுரா செத்ஸு அம்மாள் தம் சாமான்களை ஒரு பெட்டியில் எடுத்துவைத்துவிட்டு, இந்தத் தடவை நான் யாரையும் கூப்பிட்டுச் சொல்லமாட்டேன் என்றாராம்.

ரோஸ்லின் அதைப் படித்துவிட்டு, மறுபடி ஒரு தடவை படித்தாள். பதில் எழுத உட்கார்ந்தாள். ஜப்பான் பாஷையில் மன்னிப்புக் கேட்க எத்தனையோ விதம் உண்டென்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் நாலைந்து விதமாக எழுதி அழித்தாள். இப்போது அவள் தின்கன்ஜூனில் அதே வகுப்பில் அடுத்த கோஷ்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். முகவரி எழுதும் முறை என்ற பாடத்தை மட்டும் வேறொரு ஆசிரியை எடுக்கிறாள்.

இணைப்பு அலுவலகம் பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பழைய வீட்டுப் பட்டியல் செல்லாது, புதியது வரவில்லை. ஆகையால் இரண்டு வார்டிலும் தங்கியிருப்பவர்கள் யாவரும் சட்டப்படி விருந்தாளிகள். இந்த ஊரில் வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால் வார்டில் பதிவு செய்யவேண்டும். அந்தப்படி, எல்லோரும் வாரம் ஒருமுறை வந்து தங்களை விருந்தாளிப் பட்டியலில் பதிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை வரிசை கால்வாய்ப் பாலம்வரை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. இருதயம்மாளும் ரோஸ்லினும் பின்னால் நிற்க, அமிர்தநாதன் படிவத்தை வாங்கி, சுவரில் வைத்து நிரப்பினார். வீட்டுக்காரர் பெயர்: அமிர்தநாதன். விருந்தாளி பெயர்: அமிர்தநாதன். வந்த காரணம் என்ற இடத்தில் ‘பிறந்தது’ என்று எழுதினார். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘தெரிந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தார்.

மேஜையிலிருந்த பெண்ணுக்கு இருபது வயதுக்குமேல் இருக்காது. படிவத்தைக் கவனமாகப் படித்தாள்.

“எவ்வளவு காலமாகத் தெரியும்?”

“ஐம்பத்தாறு வருடமாக.”

“நல்ல ஆள்தானா?”

“தொந்தரவு கொடுக்காத ஆள்,” என்றார் அமிர்தநாதன்.

அவள் தலையசைத்து, ஒரு வாரம் தங்கலாம் என்று முத்திரை குத்தினாள்.